கேட்டு வாங்கிய சால்வை

எங்கள் சங்கத்தில் சால்வையைக் கேட்டு வாங்கியவர் மாமி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அதில் சிலர், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை வாட்டமாக நீட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மும்பையில் வருமான வரி, ஜி.எஸ்.டி. என்று சொல்லிப் பிழைக்கிற தமிழ் ஆலோசகர்களின் சங்கம். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் ஓர் அறை. மாதம் ஒரு சொற்பொழிவு, அதற்குப் பிறகு டிபன். பட்ஜெட் சமயத்தில் மட்டும் சொற்பொழிவுக்குக் கூட்டம் வரும். மற்ற மாதங்களில் டிபனுக்கு வரும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சங்கம் ஒரு நல்ல காரியமும் செய்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் தாராவியில் ஓர் இலவச உதவி மையம் நடத்தியது. தோல் பை தைக்கிறவர், மாவு அரைத்து விற்கிறவர், துணிக்கு எம்ப்ராய்டரி போடுகிறவர் என்று சின்னப் பட்டறைக்காரர்கள் வருவார்கள். கையில் அரசாங்கத்து நோட்டீஸ் இருக்கும், முகத்தில் ஜெயிலுக்குப் போகிற களை இருக்கும். அதை வாங்கிப் படித்து, இதில் ஒன்றுமில்லை, ஒரு ரிட்டர்ன் தாக்கல் பண்ண மறந்துவிட்டீர்கள் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் பதில் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. அந்த ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைப்பது என் வேலை. தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் என்று பட்டம். பால்காரர் பத்து நிமிஷம் தாமதமானாலே ஏதோ கலவரம் என்று நினைத்து டி.வி.யைப் போடுகிறவன் நான். என்னிடம் போய் இந்தப் பதவியைக் கொடுத்தார்கள்.

ஆள் பிடிக்கிற வித்தையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, யார் வருகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. கேட்டால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் போனைப் பார்ப்பார்கள். டிபன் நேரத்தில் கேட்க வேண்டும். அதுவும் வாயில் மைசூர்பாகு முழுசாக இருக்கும்போது. அந்த வாயால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தலை மட்டும்தான் ஆடும். தலை எந்தப் பக்கம் ஆடினாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது என் கொள்கை. ரெண்டே ரெண்டு சனிக்கிழமைதான் சார் என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்த மைசூர்பாகுக்குப் போய்விடுவேன்.

பிடித்தவர்களைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. வாட்ஸ்ஆப் குழுவில் சனிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டால், கட்டை விரலைக் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் வருவார்கள். கைகூப்புகிறவர் வரவே மாட்டார். 'முயற்சி செய்கிறேன்' என்று எழுதுகிறவர் அந்த நேரத்தில் லோனாவ்லா மலையில் குடும்பத்தோடு மக்காச்சோளம் தின்றுகொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எனக்குப் பயம் பிடித்துவிடும். பக்கத்தில் யார் தம்ளரில் தண்ணீர் இருந்தாலும் எடுத்துக் குடித்துவிடுவேன். என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் தன் காப்பியை அடுக்களையிலேயே நின்று குடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள்.

இவர்களுக்கு நடுவில் மாமி மட்டும் நான் பிடிக்காமலே வந்தவர்.

செம்பூரில் தனியாக இருந்தார். ஒரு கம்பெனியின் வரிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே பையன் பெங்களூரில். ஒரு கூட்டத்துக்கு வந்தவர், டிபன் வரிசையில் நான் யாரையோ துரத்துவதைப் பார்த்துவிட்டு, அந்தாளை விடு, பாவம், திங்கட்டும், நான் வரேன் என்றார். என் வாழ்க்கையில் வாய் காலியாக இருக்கும்போது சம்மதித்த ஒரே ஆள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்.

தாராவியில் எங்கள் மையம் ஒரு பட்டறைக்கு மேல் இருந்தது. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். முட்டி வலியோடு மாமி அதில் ஏறுவார், ஏறும்போது ஏணியைத் திட்டுவார். மேலே போய் உட்கார்ந்ததும் பையிலிருந்து முறுக்கு டப்பா வெளியே வரும். அதற்கப்புறம் அந்த அறையின் சத்தமே வேறு. சிரிப்புச் சத்தம் கீழே பட்டறையின் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். மற்ற தன்னார்வலர்கள் நோட்டீஸைப் படித்தார்கள். மாமி கொண்டுவந்தவனைப் படித்தார். பை தைக்கிற ஒருவர் முதல் தடவை வந்தது எனக்கு நினைவிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நோட்டீஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"யக்கா, உள்ள வச்சிருவானுவளா?"

"உன்ன உள்ள வெச்சா அவனுக்கு என்ன லாபம்? மூணு வேளை சோறு போடணும். உக்காரு. முறுக்கு எடுத்துக்கோ."

அன்றிலிருந்து சங்கத்தில் மேடம், எனக்கு மாமி, தாராவியில் யக்கா. அவர்கள் பேச்சிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மாட்டுங்கா கமிட்டியில் தப்பான இடத்தில் போடுவார். எங்கள் தலைவரை ஒருநாள், ஏலே, நீ பேசுறது எனக்கு வெளங்கல என்றார். தலைவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் சுருக்கமாகப் பேசினார்.

இப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு கூட்டம் முடிந்து, என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, இந்த வருஷம் ஆண்டு விழாவில் தனக்குச் சால்வை போட வேண்டும் என்றார்.

நான் பயந்துவிட்டேன். காரணம் உண்டு. எங்கள் சங்கத்தில் சால்வை நன்றாக வேலை செய்தவருக்குப் போடுவதில்லை. விட்டுப்போகப் போகிறேன் என்று மிரட்டுகிறவருக்குப் போடுவது. ஒருவர் ரெண்டு சனிக்கிழமை வராமல் மூஞ்சியைத் தூக்கினால், அந்த வருஷம் சிறந்த தன்னார்வலர் அவர்தான். சால்வை போட்ட கூச்சத்தில் இன்னும் ஆறு மாசம் ஓட்டுவார். ஒழுங்காக வருகிறவர் எப்படியும் வரப்போகிறார், அவருக்கு எதற்குச் சால்வை என்பது கமிட்டியின் கணக்கு. நாங்கள் கணக்கு பார்த்துப் பிழைக்கிறவர்கள் இல்லையா. அதனால் மாமிக்கு இதுவரை ஒரு கைக்குட்டைகூடப் போட்டதில்லை. அவரும் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். அவரே கேட்கிறார் என்றால்?

எதிரே மேஜையில் இருந்த யாருடைய தண்ணீரையோ குடித்துவிட்டு, போறேளா மாமி என்று கேட்டேன்.

"போகாம இருக்கறதுக்குத்தான்டா கேக்கறேன்."

விஷயம் இதுதான். மாமி இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். தீபாவளிக்குப் பிறகு எல்லாரும் காலி பண்ண வேண்டும், புதுசு எழும்பக் குறைந்தது மூன்று வருஷம். அதுவரை இருக்க, செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஓர் ஒற்றை அறை வீட்டை மாமி பார்த்து வைத்திருந்தார். பையனோ பெங்களூருக்கு வா என்கிறான். அவன் வீட்டில் அவருக்கென்று தனி அறை, பால்கனி, எல்லாம் தயார். ஒவ்வொரு போனிலும், அங்கே தனியா உக்காந்துண்டு நீ என்னதான் பண்ணப்போறே என்று கேட்கிறான்.

நான் பண்றதைச் சொன்னா, டைம் பாஸ்னு நினைக்கிறான் என்றார் மாமி. மேடையில் நாலு பேர் எழுந்து சொன்னால் நம்புவான். இங்கே அம்மாவுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் விட்டுவிடுவான். விழாவுக்கு வரச் சொல்லியாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

"நன்னா பேசச் சொல்லு எல்லாரையும். என்னோட சனிக்கிழமை உன் கைலதான் இருக்கு."

இப்படி ஒரு பொறுப்பை என் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அன்று ராத்திரி தூங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். தூங்கினேன், ஆனால் கனவில் நானே எல்லாருக்கும் சால்வை போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் மாமிக்கு இல்லாமல் போய்விட்டது. மறுநாளே தி.நகரில் பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு சொந்தக்காரருக்குப் போன் போட்டு, வழக்கமான பாலியெஸ்டர் வேண்டாம், நிஜ ஜரிகை வைத்து ஒன்று அனுப்பு என்றேன். பேச ஆட்களையும் பிடித்தேன். தலைவர், தாணேயிலிருந்து வருகிற மூத்த உறுப்பினர் ஒருவர், மாமியோடு சனிக்கிழமைகளில் உட்காருகிற இளம்பெண் ஒருத்தி, தாராவியிலிருந்து அந்தப் பை தைக்கிறவர். நாலு பேரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். மாமி எவ்வளவு முக்கியம் என்று அவர் மகனுக்குத் தெரிய வேண்டும், மனசுவிட்டுப் பாராட்டுங்கள், வஞ்சனை வைக்காதீர்கள். அவர்களும் வைக்கவில்லை.

விழா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாமி மாம்பழக் கலர் புடவையில் வந்தார். பக்கத்தில் பையன். நான் அவனை வெறுப்பதற்கு ஒரு வாரமாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவன் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அம்மாவின் கைப்பையை வெட்கப்படாமல் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து நாலு நாற்காலி போட்டான். என்னைப் பார்த்ததும், அங்கிள், அம்மா உங்களைப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா என்று சிரித்தான். என்ன சொல்லுவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மாமி மேடையிலிருந்த என்னைப் பார்த்து, ஆரம்பி என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

தலைவர் எழுந்தார். நன்றாகவே பேசினார், அதுதான் வினை. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சயானில் தண்ணீர் தேங்கி பஸ் நின்றுவிட்டபோது, இந்த அம்மையார் இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் தாராவி வரைக்கும் தன்னந்தனியாக நடந்தே வந்தார் என்றார். ஹால் கைதட்டியது. அந்தக் கதையை மாமி எங்களுக்குச் சொன்னபோது, அதில் மிதந்துபோன ஒரு செருப்பும் அதைத் துரத்திக்கொண்டு போன ஒரு போலீஸ்காரரும் இருந்தார்கள். தலைவர் சொன்னபோது ரெண்டு பேரும் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

பையன் கைதட்டவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களுக்குப் பாராட்டத் தெரிந்தது ஒரே விதத்தில்தான். ஒருவரைப் புகழ வேண்டும் என்றால் அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்வார்கள். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு பெருமை. ஒருவர் சந்தோஷமாக ஒரு வேலையைச் செய்தார் என்று மேடையில் சொல்வது அவரை அவமானப்படுத்துவது மாதிரி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினவரைக்கூட, நிற்க நேரமில்லாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உழைத்தார் என்றுதான் சொல்வோம். இதை நான் அன்றைக்கு முன்னால் யோசித்ததே இல்லை. யோசித்தபோது தாணேக்காரர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

அவர் காய்ச்சல் கதையைச் சொன்னார். உடம்பு அனலாகக் கொதித்தது, வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சினோம், கடமைதான் பெரிது என்று உட்கார்ந்திருந்தார். உண்மைதான், கெஞ்சினோம். ஆனால் மாமி அன்று சொன்னது, வீட்டுல போய் யார் மூஞ்சியப் பாக்கறது, இங்க வெங்காய பஜ்ஜி வரப்போறது என்றுதான். கடமை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், போதும், தயவுசெய்து முடிக்கவும் என்று எழுதி அவருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் அதைப் படித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்கிறார்கள், இப்படிப்பட்டவரைப் பற்றிப் பேசும்போது நாம் கடிகாரம் பார்க்கலாமா என்று சபையைக் கேட்டார். சபை பார்க்கக்கூடாது என்று கைதட்டியது.

தலைமை விருந்தினரின் தண்ணீரை நான் குடித்தது இந்தக் கட்டத்தில்தான். மைக் ஒயர் என் காலருகில் கிடந்தது. அதை மிதித்துப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன். செருப்பை அதன்மேல் வைக்கக்கூட வைத்தேன். அடுத்து அந்த இளம்பெண் வந்ததும் எடுத்துவிட்டேன். மாமியோடு சேர்ந்து சிரிக்கிறவள், இவளாவது வேறு மாதிரிப் பேசுவாள் என்று ஒரு நப்பாசை.

அவள் பேசும்போதே அழுதாள். ஏணியைப் பற்றிச் சொன்னாள். ஒருநாள் இறங்கும்போது கால் வழுக்கி மாமி விழுந்ததையும், முட்டியில் ரத்தம் வந்ததையும், அதைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடியும் அதே ஏணியில் ஏறியதையும் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. பையனுக்குத் தெரிஞ்சா விடமாட்டான்னு சொன்னாங்க. இன்னிக்கு அவர் இங்க இருக்கறதால சொல்றேன். உங்க அம்மா அவ்ளோ கிரேட்."

பையன் அம்மாவின் முட்டியைப் பார்த்தான். புடவைக்குள் இருக்கிற முட்டியை என்ன பார்க்க முடியும், ஆனாலும் பார்த்தான். மாமி மேடையையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. போட்டோ எடுக்கும்போது வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரிச் சிரிப்பு.

பை தைக்கிறவர் கடைசியாக வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவருக்கு மேடைப் பேச்சு தெரியாது, அதனால் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் முன்னால் பேசின மூன்று பேரையும் கேட்டுக்கொண்டிருந்தாரே, எப்படிப் பேச வேண்டும் என்று பிடித்துக்கொண்டுவிட்டார். யக்கா எங்களுக்காவ ரொம்பப் பாடுபட்டாவ, சோறு தண்ணி பாக்காம கெடந்தாவ என்று ஆரம்பித்து, மேலே பேச வராமல் மைக் முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார். ஹாலில் பாதிப் பேர் துடைத்தார்கள். மாமி சோறு தண்ணி பார்க்காமல் இருந்த சனிக்கிழமை ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பை தைக்கிறவரின் பெண்டாட்டி கொடுத்தனுப்புகிற மீன் குழம்பை மட்டும்தான் மாமி தொடவில்லை, அதையும் மோந்து பார்த்துவிட்டு, வாசனை நன்னாத்தான் இருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்தது என் முறை. நான் பேசி முடித்ததும் சால்வை.

நான் எழுந்து, இவர்கள் சொன்ன எதையும் நம்பாதீர்கள் என்றேன். ஹால் சிரித்தது. இந்த மாமி ஒரு கஷ்டமும் படவில்லை, தாராவிக்கு வருவதே ஊர் வம்பு கேட்கத்தான் என்றேன். இன்னும் சிரித்தது. சனிக்கிழமை இவர் வந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம், வேலை செய்ய விடமாட்டார், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், இவரைப்போலக் குஷியாக இருக்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். சத்தியம் என்றதும் கைதட்டலே வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஜோக் அடித்தவன் ஒருநாள் நிஜத்தைச் சொன்னால் அதற்கு மதிப்பு அவ்வளவுதான். பையனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அழுகிற வீட்டில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற நல்ல மனுஷர் என்று என்னைப் பார்த்தான். என் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கைதட்டல் வாங்கின பேச்சு அது.

தலைவரின் மனைவி சால்வையைப் போர்த்தினார். ஜரிகை விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் மின்னியது. மாமி மைக்கை வாங்கி, ரெண்டே வாக்கியம் பேசினார். நான் எங்கயும் போகல்ல. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் தாராவிக்கு வாங்கோ. பாருங்கள், இந்த வயதிலும் என்ன உழைப்பு என்று தலைவர் அதற்கும் ஒரு முடிவுரை சேர்த்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் நான் ஒரு மூலையில் நின்று ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தேன். பயந்தால் எனக்குப் பசிக்கும். பையன் தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான்.

"தாங்க்ஸ் அங்கிள். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. போன்ல எப்பவும் சிரிச்சுண்டேதான் பேசுவா. விழுந்ததைக்கூடச் சொல்லல்ல பாருங்கோ."

அப்படி இல்லைப்பா, அது அம்மாவுக்குக் கஷ்டமே இல்லை, நான் மேடையில் சொன்னது நிஜம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக நீங்கள் சொல்கிறீர்கள் அங்கிள், எனக்குப் புரிகிறது என்றான். நாளையிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறான், தானே இருந்து சாமான் எல்லாம் கட்டப்போகிறான். மாமி மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

"உங்க பேச்சைத்தான் அம்மா கேப்பா. ஒரு தடவை வீட்டுக்கு வந்து சொல்லுங்கோ. ஒரே தடவை, ப்ளீஸ்."

வாயில் ஜாங்கிரி முழுசாக இருந்தது. என் தலை ஆடியது. எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது. அவன் என் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

நாலைந்து நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் வடாலாவில் ரயில் மாறி, ஹார்பர் லைனில் செம்பூர் போகும்போது ரெண்டு பேச்சு தயார் செய்துகொண்டேன். ஒன்று, போங்கள் மாமி, பையன் கூப்பிடுகிறான். இன்னொன்று, போகாதீர்கள் மாமி, நான் அவனிடம் சண்டை போடுகிறேன். எதைப் பேசுவது என்று அவர் மூஞ்சியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இதுதான் என் வீரம்.

மாமி கதவைத் திறந்து, வா, எந்தக் கட்சிலேர்ந்து வரே என்றார்.

ஹாலில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் ஏறியிருந்தது. உள் அறையில் பையன் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கிர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாமி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். எனக்கு மிச்சமிருந்த ஒரே நாற்காலியைக் காட்டினார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் வரேன்னு சொல்லிட்டேன்."

ஏன் மாமி என்று கேட்டதற்கு உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு வண்டில வரச்சே அழுதான்டா. டிரைவர் திரும்பித் திரும்பிப் பாக்கறான், இவன் அழறான். அவன் அப்பா போனப்போகூட என் முன்னால அழல்ல. சண்டை போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அழறவன்கிட்ட என்ன பண்றது, சொல்லு."

சாதாரணமாக இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஏதாவது ஒரு ஜோக் தானாக வந்து நிற்கும். செத்த வீட்டில்கூட வந்திருக்கிறது, அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"எல்லாரும் நன்னாத்தான் பேசினா. ஒருத்தரும் ஒரு பொய் சொல்லல்ல. விழுந்தேன். தண்ணில நடந்தேன். காய்ச்சல் இருந்தது. என்னனு மறுக்கறது?"

நான் உள்ளே போய் அவனிடம் பேசட்டுமா என்று எழுந்தேன். என்ன சொல்லுவே என்று கேட்டார். நீங்க அங்க சந்தோஷமா இருந்தேள்னு சொல்லுவேன் என்றேன்.

"சொன்னியே, மேடைல. எல்லாரும் சிரிச்சா."

அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, பெட்டியில் போடாமல் விட்டிருந்த ஒரே பாத்திரத்தில் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். பெங்களூரில் பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியுமாம். ஏரியைப் பார்த்துண்டு என்னடா பண்றது, அது திருப்பிப் பேசுமா என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, என் சிரிப்பு பாதியிலேயே நின்றது. இந்தச் சனிக்கிழமை அவர் இடத்தில் யார் என்று கேட்டார். ரெண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். கட்டை விரலா, கைகூப்பா என்று கேட்டார். நான் காப்பியைக் குடித்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. தாராவியிலிருந்து பை தைக்கிறவர். அவர் குரல் எனக்கே கேட்டது. அவ்வளவு பதற்றம். புதுசாக ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறது, கட்டம் கட்டமாக என்னவோ போட்டிருக்கிறது, பெரிய தொகை மாதிரித் தெரிகிறது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே வலது பக்கத்துல என்ன நம்பர் போட்டிருக்கு, படி என்றார். கடைசித் தேதி என்ன என்றார். அது போன வருஷத்துக் கணக்கு, பாதிப் பேருக்கு வந்திருக்கு, உனக்கு மட்டும் இல்ல என்றார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த அறையில் அட்டைப் பெட்டிகளே இல்லாத மாதிரி, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு பேசினார்.

"டென்ஷன் ஆகாதே. சனிக்கிழமை அந்தப் பேப்பரோட வா, நான் பார்த்து..."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளே டேப் ஒட்டும் சத்தமும் நின்றது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்தது. போனில் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமி போனை என் பக்கம் நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஆட்டுகிறேன் என்று தெரிந்துதான் ஆட்டினேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் என் கையைப் பிடித்து அதில் போனை வைத்தார்.

"சார், நீங்களா? யக்கா எங்க சார்?"

"பக்கத்துலதான் இருக்காங்க," என்றேன்.

மறுபடியும் படிக்கச் சொன்னேன். அவர் படித்தார். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். எனக்கு அந்தப் பிரிவும் புரிந்தது, தேதியும் புரிந்தது, போட வேண்டிய பதிலும் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், தேதியை இன்னொரு தடவை படிங்க என்றேன். மாமி பெட்டியிலிருந்து என் பக்கம் குனிந்தார்.

"பதில் அப்புறம் சொல்லலாம். பயப்படாதேன்னு முதல்ல சொல்லுடா."

பயப்படாதீங்க என்றேன்.

"அவனுக்குக் கேக்கல்ல. சத்தமா."